ஜீப்பில் இறங்கும் செடிகள்

போடிநாயக்கனூரில் விடிவதற்கு முன்பே ஜீப்புகள் கிளம்பிவிடும். ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவர்கள், பெரும்பாலும் பெண்கள், தூக்குவாளியும் தண்ணீர் பாட்டிலும் மழைக்காகிதமுமாக நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பார்கள். முந்தல் தாண்டி, கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, போடிமெட்டில் எல்லையைக் கடந்து கேரளத்துத் தோட்டங்களுக்குள் பிரிந்து போவார்கள். மாலையில் அதே ஜீப்புகள் இறங்கும்போது தூக்குவாளி காலியாக இருக்கும். சில பைகளில் புதிதாக ஒன்று சேர்ந்திருக்கும்: ஏல இலையில் சுற்றி வாழைநாரால் கட்டிய கம்புகள். ஜெரேனியம், பெகோனியா, ஹைட்ரேஞ்சியா. எந்தக் கடையிலும் வாங்காதவை, கணக்கில் வராதவை.

இந்தப் பைகளுக்காகத்தான் ஆனி மாதத்தில் போடிக்குப் போனேன். போடி ஏலக்காயைப் பற்றி நிறைய எழுதப்பட்டிருக்கிறது. ஸ்பைசஸ் போர்டின் மின்னணு ஏலம் நடக்கும் ஊர், விலை ஏறினால் கடைத்தெரு நிறையும் ஊர், இறங்கினால் நகைக்கடை அடகுப் பிரிவு நிறையும் ஊர் என்றெல்லாம் படித்திருக்கிறோம். தோட்டத்தில் பகல் முழுவதும் கன்று பிரித்த கை, வீட்டுக்கு வந்து பெயின்ட் டப்பாவிலும் உடைந்த குடத்திலும் என்ன செய்கிறது என்று யாரும் கேட்டதில்லை. மலையின் தொழிலும் வாசலின் பூவும் ஒரே கைப்பழக்கத்தில் வளர்கின்றன என்பது என் எண்ணம். அந்தப் பழக்கம் பெண்களிடம் இருக்கிறது.

மதுரை–போடி ரயில்பாதை 1928-ல் வந்தது. அகலப்பாதைப் பணிக்காக 2010 கடைசியில் நிறுத்தினார்கள். போடிக்கு மறுபடியும் ரயில் வர 2023 ஜூன் ஆனது. நிலையத்திலிருந்து வெளியே வந்தால் மேற்கே மலை சுவர் எழுப்பியிருக்கும். தென்மேற்குப் பருவமழை அந்தச் சுவருக்கு அப்பால் கொட்டும், இப்பால் காற்றுதான். ஆனியிலும் ஆடியிலும் போடித் தெருக்களில் மண் பறக்கிறது, மேகம் மட்டும் தலைக்கு மேல் ஓடுகிறது. அதனால் போடி வாசல்களின் செடிகள் தாக்குப்பிடிக்கிற ரகங்கள். நந்தியாவட்டை, அரளி, செம்பருத்தி, இட்லிப்பூ, சுவரேறிய காகிதப்பூ, வெயிலுக்குச் சிவப்பும் மஞ்சளும் கூடும் குரோட்டன்ஸ்.

இவற்றில் ஒன்றையும் இங்கே யாரும் விதை போட்டு வளர்ப்பதில்லை. போத்து வெட்டி ஊன்றுவதுதான் வழக்கம். முருங்கையைப் போத்தாக ஊன்றியே பழகிய பூமி இது. விதையில் வரும் செடிமுருங்கையான பி.கே.எம்.-1 பக்கத்துப் பெரியகுளத்துத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தில் பிறந்த ரகம் என்றாலும், வீட்டுக் கொல்லையில் இன்றும் போத்துதான். காகிதப்பூவுக்கு எப்படி வெட்டுவீர்கள் என்று ஒரு அம்மாவிடம் கேட்டேன். “இளங்கம்பு அழுகிப்போகும் தம்பி. பென்சில் கனத்துக்கு முத்தின கம்பா எடுக்கணும். கணுவுக்குக் கீழே சாய்ச்சு வெட்டு, மேலே நேரா வெட்டு. அப்பத்தான் எது தலை எது காலுன்னு மறக்காது” என்றார்.

அந்தக் கடைசி வாக்கியத்தில் தாவரவியல் இருக்கிறது. ஒரு துண்டுக் கம்புக்கும் மேல் கீழ் உண்டு. தளிர் நுனியில் உண்டாகும் ஆக்சின் என்ற ஊக்கி கீழ்நோக்கியே இறங்கி, வெட்டிய அடிமுனையில் தேங்குகிறது. அங்கேதான் வேர் பிறக்கிறது. ஆக்சினுக்கு வேர் விடவைக்கும் திறன் உண்டு என்பதை ஆய்வாளர்கள் 1930-களில் உறுதி செய்தார்கள். நர்சரிகளில் கம்பைத் தோய்க்கும் வெள்ளைப் பொடி அந்தக் கண்டுபிடிப்பின் வழியில் வந்தது. தலைகீழாக ஊன்றினால் வராது என்பது அந்த அம்மாவுக்கு அவருடைய அம்மா சொன்னது. குரோட்டன்ஸுக்கு அவர் பதியம் போடுகிறார். கிளையில் ஒரு விரல் அகலத்துக்குப் பட்டையை வளையமாக உரித்து, ஈரத் தேங்காய்நார்த் தூளை வைத்து, பிளாஸ்டிக் காகிதத்தால் இறுக்கிக் கட்டுகிறார். பட்டை போனதால் இலை சமைத்த சர்க்கரை கீழே இறங்க வழியில்லை. ஆக்சினும் சர்க்கரையும் வளையத்துக்கு மேலே சேர்ந்து வேராக வெடிக்கின்றன. தாய்க்கிளை கட்டை வழியாகத் தண்ணீர் கொடுத்துக்கொண்டே இருப்பதால், கன்று ஒருநாளும் தாகப்படுவதில்லை. இதைவிடப் பத்திரமான முறை எனக்குத் தெரியாது.

போடியிலிருந்து போடிமெட்டு சுமார் 26 கிலோமீட்டர். கொச்சியிலிருந்து வரும் தேசிய நெடுஞ்சாலையின் ஒரு துண்டு அது. முந்தலில் வனத்துறைச் சோதனைச்சாவடியைத் தாண்டியதும் ஏற்றம். கீழே மாந்தோப்பும் இலவமரமும், அதற்கு மேல் முள்ளும் பாறையும். வளைவுக்கு வளைவு சாலையோரம் முழுக்க உண்ணிச்செடி. ஆரஞ்சும் மஞ்சளும் இளஞ்சிவப்புமாக ஒரே கொத்தில் நிறம் மாறும் அழகான பூ. அந்த அழகுதான் அதைக் கடல் தாண்டிக் கொண்டுவந்தது. வெப்பமண்டல அமெரிக்கச் செடியான இதை, 1800-களின் தொடக்கத்தில் அலங்காரத்துக்காகக் கல்கத்தா தாவரவியல் பூங்காவில் வைத்தார்கள். பழத்தைப் பறவைகள் தின்று விதையைத் தூவின. இன்று நாட்டின் காடுகளில் மிகப் பெரிய பரப்பை அது பிடித்திருக்கிறது. புல் முளைக்க இடமில்லை, மான் மேய வழியில்லை. வீட்டில் செடி வளர்க்கிற எவரும் இந்தச் சரிவை ஒருமுறை ஏறிப் பார்க்க வேண்டும் என்று மனதார நினைக்கிறேன். வேலிக்கு அழகென்று யாரோ ஆசையாக நட்டது, மலையின் இந்த முகத்தையே மூடியிருக்கிறது.

பதினேழு கொண்டை ஊசி வளைவுகள். பாதிக்கு மேல் ஏறியதும் காற்றின் குணம் மாறுகிறது. கீழே முகத்தில் அடித்த வறட்டுக் காற்று போய், ஈரம் சட்டையில் ஒட்டுகிறது. சுமார் 4,500 அடி உயரத்தில் போடிமெட்டு. டீக்கடைகள், இரண்டு மாநிலச் சோதனைச்சாவடிகள், தமிழும் மலையாளமும் கலந்த பேச்சு. பனிமூட்டம் கேரளத்துப் பக்கமிருந்து வந்து சாலையைக் கடந்து, தமிழ்நாட்டுச் சரிவில் இறங்கியதும் கரைந்துபோகிறது. நின்று பார்த்தால் எல்லை எங்கே என்று மேகமே காட்டிவிடும்.

அந்த டீக்கடைகளுக்குப் பின்னால் உள்ள வீடுகளின் சுவரோரம் நிற்கும் டப்பாக்களைப் பார்த்ததும் எனக்குப் பிரமிப்பாக இருந்தது. எண்ணெய் டின், தார் டின், பெயின்ட் வாளி, உடைந்த தொட்டி. ஒன்றில்கூட மண் தெரியவில்லை. ஜெரேனியம், ஃபுக்சியா, டாலியா, பெகோனியா, காசித்தும்பை, தலையளவு பூத்த நீல ஹைட்ரேஞ்சியா. ஜெரேனியத்தின் பூர்வீகம் தென்னாப்பிரிக்கா. ஃபுக்சியா தென்னமெரிக்கா, டாலியா மெக்சிகோ, ஹைட்ரேஞ்சியா ஜப்பான். எல்லாம் ஐரோப்பியத் தோட்டங்கள் வழியாக இந்தியாவின் குளிர்மலைகளுக்கு வந்து, துரைமார் பங்களாக்களின் முற்றத்தில் நின்றவை. பங்களாக்களிலிருந்து தொழிலாளர் குடியிருப்பான லயங்களுக்கு யாரும் அவற்றைக் கொடுத்து அனுப்பியிருக்க வேண்டியதில்லை. கவாத்து செய்து கீழே தள்ளிய கம்பை எடுத்துப்போய் ஊன்றினாலே போதும்.

இங்கே ஏன் இவ்வளவு சுலபமாக வருகிறது? வெட்டிய கம்புக்கு வேர் இல்லை. இலை மட்டும் தண்ணீரை ஆவியாக விட்டுக்கொண்டே இருக்கிறது. வேர் வருவதற்குள் வாடிவிட்டால் கதை முடிந்தது. பெரிய நர்சரிகளில் இதற்காகவே புகைபோல நீர் தெளிக்கும் மிஸ்ட் சேம்பர் வைத்திருப்பார்கள். போடிமெட்டில் ஆனி தொடங்கிவிட்டால் வானமே அந்த வேலையைச் செய்கிறது. அப்படியும் ஹைட்ரேஞ்சியாவின் அகன்ற இலைகளைக் கத்தரியால் பாதியாக நறுக்கிவிட்டுத்தான் ஊன்றுகிறார்கள். ஜெரேனியத்துக்கு எதிர்ப்பழக்கம்: வெட்டியதும் ஊன்றக் கூடாது, காயம் உலரும்வரை திண்ணையில் கிடக்கட்டும். சதைப்பற்றான தண்டு ஈரத்தோடு மண்ணுக்குள் போனால் கறுத்து அழுகும். வண்ண இலைப் பெகோனியாவுக்குக் கம்பே வேண்டாம். முழு இலையைக் கவிழ்த்து, பின்பக்க நரம்புகளைப் பிளேடால் ஆங்காங்கே கீறி, ஈர மணல்மேல் வெட்டுப்பக்கம் படியும்படி பரப்பி, சிறு கற்களை வைத்து அழுத்துகிறார்கள். ஒவ்வொரு கீறலிலும் ஒரு குட்டி எழும்.

ஒரு வீட்டில் தண்ணீர் பாட்டிலின் அடியை வெட்டிவிட்டு, ஃபுக்சியாக் கம்பின்மேல் கவிழ்த்து வைத்திருந்தார்கள். உள்ளே நீர்த்துளி கோத்திருந்தது. லண்டன் மருத்துவர் நத்தானியேல் வார்டு 1829-ல் இதே காட்சியைத்தான் கவனித்தார். மூடிய கண்ணாடிக் குப்பிக்குள் தானாக முளைத்த பெரணிச்செடி, தன் ஆவியையே திரும்பக் குடித்து வாடாமல் இருந்தது. அதிலிருந்து அவர் கண்ணாடிப் பெட்டிகள் செய்தார்; 1833-ல் அவற்றில் செடிகளை ஏற்றி சிட்னி வரை கப்பலில் அனுப்பிப் பார்த்தார், உயிரோடு போய்ச்சேர்ந்தன. 1850-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ராபர்ட் ஃபார்ச்சூன் சீனத்துத் தேயிலைக் கன்றுகளைக் கல்கத்தாவுக்கு அனுப்பியதும் வார்டு பெட்டிகளில்தான். கடல் தாண்டிய செடிகளின் வரலாறு பாதி அந்தப் பெட்டிக்குள் இருக்கிறது. பாட்டிலைக் கவிழ்த்த பெண்ணுக்கு வார்டைத் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை.

எல்லை தாண்டி, கேரளத்துப் பக்கம் பூப்பாறை போகும் வழியில் ஒரு ஏலத்தோட்டத்துக்குள் போக அனுமதி கிடைத்தது. பலா, சந்தனவேம்பு, முள்முருங்கை நிழலுக்கடியில் ஆளுயரத்துக்கு மேல் ஏலத்தட்டைகள். தூரடியிலிருந்து சரம் தரையில் படர்ந்து பூத்திருந்தது: வெள்ளைப் பூவின் உதட்டில் ஊதாக் கோடுகள். ஒரு பூவுக்கு ஒரு நாள்தான் ஆயுசு. அதற்குள் தேனீ வர வேண்டும்.

தேனீ வந்து போவதால்தான் ஏல விதையை நம்ப முடியாது. எந்தச் செடியின் மகரந்தத்தை எதற்குக் கொண்டுவந்தது என்று யார் கண்டார்? நல்ல தாய்ச்செடியின் பழத்தை எடுத்து, பிசுக்குப் போகக் கழுவி, சாம்பலில் புரட்டி, நிழலில் உலர்த்தி விதைத்தாலும், கன்றுகள் தாயைப்போல இருப்பதில்லை. தாய் வேண்டுமென்றால் தாயையே பிரிக்க வேண்டும். முதிர்ந்த ஒரு தட்டையும் அதன் அடியிலிருந்து கிளம்பும் ஓர் இளங்குருத்தும் சேர்ந்த கிழங்குத் துண்டு, அதுதான் ஒரு கன்று. ஆழமாகப் புதைத்தால் குருத்து மூச்சுமுட்டும். மேலாக வைத்து, காற்றுக்குச் சாயாமல் குச்சி கட்டி, சருகு மூட வேண்டும்.

இந்தத் தோட்டங்களின் தலையெழுத்தை மாற்றிய ஞள்ளானி ரகம் அப்படி வந்ததுதான். கட்டப்பனைப் பக்கத்து விவசாயி செபாஸ்டியன் ஜோசப் தன் தோட்டத்தில் அதிகம் காய்த்த தூரைக் கண்டுபிடித்து, அதைப் பிரித்துப் பிரித்துப் பெருக்கினார். அவருடைய குடும்பப் பெயரே ரகத்தின் பெயரானது. 1978-ல் தொடங்கிய மயிலாடும்பாறை ஏலக்காய் ஆராய்ச்சி நிலையமும் ரகங்கள் கொடுத்திருக்கிறது. ஆனாலும் இடுக்கியின் ஏலப் பரப்பில் பெரும்பகுதி இன்று ஞள்ளானிதான். ஒரு விவசாயியின் கண்ணில் பட்ட செடி, உடைத்து நட்டு உடைத்து நட்டு ஒரு மாவட்டமாக நிற்கிறது.

தூர் பிரித்துக்கொண்டிருந்த பெண்கள் போடியிலிருந்து ஜீப்பில் வந்தவர்கள். மண்வெட்டியால் ஒரு நெம்பு, கையால் ஒரு திருகு, குருத்துக்குச் சேதமில்லாமல் துண்டு தனியே வந்துவிடுகிறது. சாப்பாட்டு நேரத்தில் பக்கத்து லயத்துப் படியில் உட்கார்ந்தோம். அங்கே மஞ்சள் ஓரம் போட்ட மருள் ஒரு தொட்டி நிறைய இருந்தது. நர்சரியில் ஸ்நேக் பிளாண்ட் என்று விற்பது. அதன் இலையைத் துண்டாக்கி மண்ணில் செருகினாலே வேர் விடும். ஆனால் வரும் குட்டிக்கு மஞ்சள் ஓரம் இருக்காது, வெறும் பச்சைதான். அந்த இலை இருவேறு திசுக்கள் அடுத்தடுத்து அமைந்து வளர்ந்தது; இலைத் துண்டிலிருந்து குருத்து புதிதாகப் பிறக்கும்போது அந்த அமைப்பு கலைந்துவிடுகிறது. அதைச் சொல்லப்போனேன். சொல்லி முடிக்கும் முன் ஒருவர் குறுக்கிட்டார். “இலையை வச்சா பச்சையாப் போயிருமுங்க. கிழங்கோட ஒடிக்கணும், நம்ம ஏலத்தட்டை மாதிரி. அம்புட்டுத்தான்.”

அந்தப் படியில் நான் தேடி வந்தது கிடைத்துவிட்டது. அவருக்குத் தொழில் வேறு, ஆசை வேறு என்ற பிரிவினை இல்லை. எது விதையில் மாறும், எது கிழங்கில் மாறாது என்ற அறிவைத் தோட்டத்தில் பெற்றாரா, தொட்டியில் பெற்றாரா என்று கேட்டால் அவருக்கே தெரியாது. கூலிக் கணக்கில் இந்தத் திறமைக்கு ஒரு வரி கிடையாது. இது எனக்கு ஆறாத வருத்தம். நர்சரிப் பயிற்சி, கன்று உற்பத்திக் கடன் என்று எது வந்தாலும் முதலில் இவர்கள் கையில் சேர வேண்டும்.

தாயையே பிரித்து நடுவதில் ஓர் ஆபத்தும் உண்டு. தாயின் நோயும் கூடவே வரும். ஏலத்துக்குக் கட்டே என்னும் தேமல் நோய் வைரஸால் வருவது. இளங்குருத்து இலையில் வெளிறிய சிறு கீற்றுகள், பிறகு நரம்போடு நரம்பாக வெளிர்ப்பச்சைக் கோடுகள், பிறகு காய்ப்புச் சுருங்கும். மருந்து கிடையாது, தூரோடு தோண்டி அழிக்க வேண்டும். விதை வழியாக இது பரவுவதில்லை, கிழங்கு வழியாகப் பரவும். நோய்த் தூரிலிருந்து அடுத்த தூருக்கு அதைக் கொண்டுபோவது கறுப்பு நிற அசுவினி. அந்த அசுவினிக்கு ஏலத்தைவிடப் பிடித்த வீடு சேம்பு இனங்கள்: நாம் கிழங்குக்கு வளர்க்கும் சேம்பும், அழகுக்கு வளர்க்கும் கலேடியமும். ஏலத்தோட்டத்தில் சேம்பையும் கலேடியத்தையும் விட்டுவைக்காதீர்கள் என்று ஆராய்ச்சி நிலையங்கள் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

மாலை ஜீப்பில் நானும் இறங்கினேன். எதிரே இருந்த பெண்ணின் மடியில் ஹைட்ரேஞ்சியாக் கம்புகள். “மேலே நீலம், எங்க வீட்ல வச்சா ரோஸாப் பூக்குது. அதுவும் எப்பவோ ஒருக்கா” என்றார். செடி மாறவில்லை, மண் மாறியிருக்கிறது. மலையின் புளிப்பு மண்ணில் அலுமினியம் கரைந்து வேர் வழியே பூவுக்குப் போய் நிறமியை நீலமாக்குகிறது. போடியின் சுண்ணாம்புத் தண்ணீரில் அலுமினியம் கரைவதில்லை. அதே பூ இளஞ்சிவப்பாகிறது. மொட்டுக் கட்ட அதற்குக் குளிர்ந்த இரவுகள் வேண்டும் என்பதால் பூப்பதும் அபூர்வம். “அப்படியும் எதுக்கும்மா கொண்டு போறீங்க?” “பூக்குற வருசம் பூக்கட்டும். இலை நல்லாருக்குல்ல” என்றார். கொல்லையில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்து நிழலில் ஐப்பசி மழை வரை வைத்திருந்து, பிறகு வாசலுக்கு மாற்றுவாராம். மேலே ஆனியில் நடவேண்டியதைக் கீழே ஐப்பசியில் நட வேண்டும் என்று மழை விதித்திருக்கிறது.

போடியில் இறங்கிய இடத்தில் தள்ளுவண்டியில் செடி விற்றுக்கொண்டிருந்தார்கள். பச்சை இலையில் ரத்தச் சிவப்பு நரம்போடு கலேடியம் கண்ணைப் பறித்தது. மறுநாளும் தோட்டத்துக்குப் போகும் பெண் ஒருத்தி, லயத்தில் இருக்கும் அக்காவுக்கு ஒன்று வாங்க விலை கேட்டாள். மடியில் ஹைட்ரேஞ்சியா வைத்திருந்தவர் அவள் கையைப் பிடித்து நிறுத்தினார். “ஏடி, இதை ஏலத்துப் பக்கம் கொண்டு போகாத. பேன் ஏறும், தட்டை வெளுத்துப்போகும். நம்ம வீட்டு நந்தியாவட்டையில ரெண்டு கம்பு ஒடிச்சுத் தாரேன், அதைக் கொண்டு போ.” இருவரும் வண்டியை விட்டு நகர்ந்து தெருவுக்குள் நடந்தார்கள். முத்தின கம்பா எடுக்கணும் என்று அவர் சொல்லிக்கொண்டே போனார்.